ஏற்காட்டுக்கு ஆர்மோனியம் ரிப்பேருக்குப் போன கதை

டிசம்பர் 14, வியாழன். சேலம்

ஓய்வெடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கோயம்புத்தூரில் பஸ் ஏறினேன். அண்ணன் போனில் சொன்னதும் அப்படித்தான் இருந்தது. "ஏற்காட்டுல நாலு நாள், தங்க இடம் சும்மா, குளிரு, வர்றியா?" அண்ணன் என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரு மெல்லிசைக் குழுவில் இருந்தோம். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று ஊர் ஊராக அவர் ஆர்மோனியமும் நான் கீபோர்டும் வாசித்தோம். அப்புறம் நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். அவர் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சின்ன அறையில் ஆர்மோனியம் ரிப்பேர் செய்கிறார்.

சேலத்தில் டிசம்பரிலும் மத்தியானம் வேர்க்கிறது. அண்ணன் நேராகத் தட்டுவடை செட் கடைக்குத்தான் கூட்டிப்போனார். ஒரு தட்டுவடை, அதன்மேல் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீட்ரூட், வெங்காயம், மேலே இன்னொரு தட்டுவடை. முழுசாக வாயில் போட வேண்டும். நான் நாகரிகமாகக் கடிக்கப் பார்த்து பீட்ரூட்டையெல்லாம் வெள்ளைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். ஐந்து செட் நாற்பது ரூபாய். கடைக்காரர் ஒன்றும் பேசாமல் ஒரு துண்டுப் பேப்பரைக் கிழித்து நீட்டினார். தினமும் என்னைப் போல ஒருத்தனாவது வருவான் போலிருக்கிறது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் அண்ணன் விஷயத்தைச் சொன்னார். ஏற்காட்டில் ஒரு சின்ன ஆலயம், அதில் காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்மோனியம், கிறிஸ்மஸுக்குள் அதைப் பேச வைக்க வேண்டும். "உனக்கு வேலை ஒண்ணுமில்லப்பா, நான் சொல்றப்ப பெடல மிதிச்சா போதும்."

டிசம்பர் 15, வெள்ளி. சேலத்திலிருந்து மேலே

காலை பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. மடியில் அண்ணனின் கருவிப் பெட்டி. ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸின் பழைய நுழைவு வளைவைத் தாண்டும்போது அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். சாமிக்குக்கூட அவர் அவ்வளவு பணிவாகக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. 1935-இல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பித்த கம்பெனி, நூறு படத்துக்கு மேல் எடுத்த இடம், இன்று வளைவுதான் மிச்சம். தமிழில் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) அங்கேதான் பிறந்தது. அதில் வரும் 'மாசிலா உண்மைக் காதலே' இந்தி அலிபாபா படத்திலிருந்து வந்த மெட்டு. "ஆனா நம்ம ஜனம் அதத் தமிழ்ப்பாட்டுன்னுதானே பாடுது? மெட்டுக்கு ரேஷன் கார்டு இல்லப்பா," என்றார். அடுத்த நாலு நாளும் நாங்கள் சண்டை போடப்போகும் விஷயத்தை அவர் பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டார், எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

இருபது கொண்டை ஊசி வளைவு. ஏழாவதிலோ எட்டாவதிலோ முன் சீட்டுக் குழந்தை வாந்தி எடுத்தது, பாதி கருவிப் பெட்டி மேல். அந்தக் குழந்தையின் அம்மா தன் முந்தானையாலேயே துடைக்க வந்தார், நாங்கள் தடுத்தோம், கண்டக்டர் எங்கிருந்தோ ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நீட்டினார். பதினைந்தாவது வளைவில் ஜன்னலைச் சாத்த வேண்டியதாகிவிட்டது, காற்று அப்படி அடித்தது. இறங்கியதும் டீ, பதினைந்து ரூபாய். கீழே குடித்ததைவிட மூன்று ரூபாய் அதிகம். சூடு இருந்ததால் மன்னித்துவிட்டேன்.

ஆலயத்துச் சாவி ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம் இருக்கிறது. எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும், ஊரே டீச்சரம்மா என்கிறது. முதல் வார்த்தையே கண்டிஷன்தான்: "சரி பண்ணுங்க தம்பி, ஆனா இதுல சினிமாப் பாட்டு மட்டும் வாசிச்சுப் பாக்கக் கூடாது."

பின்பக்கப் பலகையைக் கழற்றினால் உள்ளே எலிக்கூடு. பாமாலை என்கிற கிறிஸ்தவப் பாட்டுப் புத்தகத்தின் பழைய தாள்களைக் கடித்துக் கடித்துக் கட்டியிருந்தது. துருத்தித் தோலில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஓட்டை. அண்ணன் அதற்கு ஒரு ஒட்டுப்போட்டு, காய்ந்தபின் என்னை மிதிக்கச் சொல்லி, மெதுவாக ஒரு மெட்டை வாசித்தார். பாதி ஸ்வரம் வந்தது, மீதி இருமியது. டீச்சரம்மாவுக்கு அந்தப் பாதியே போதும்.

"இது 'இரத்தம் காயம் குத்தும்' ஆச்சே. கிறிஸ்மஸ் வர்ற நேரத்துல பெரிய வெள்ளிப் பாட்டு எதுக்குப்பா?"

"இது மொதல்ல காதல் பாட்டு டீச்சரம்மா," என்றார் அண்ணன், கட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்ச நேரம் துருத்தி மூச்சுவிடும் சத்தம் மட்டும்தான்.

அவர் சொன்னது நிஜம். ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்கிற ஜெர்மன்காரர் 1601-இல் வெளியிட்ட பாட்டு அது. ஒரு பெண்ணால் என் மனசு கலங்கிக் கிடக்கிறது என்று புலம்புகிற பாட்டு. சில வருஷத்திலேயே தேவாலயக்காரர்கள் மெட்டை எடுத்துக்கொண்டு பக்திச் சொற்களைப் போட்டார்கள். பிறகு பால் கெர்ஹார்ட் எழுதிய சிலுவைப் பாட்டுக்கு அது நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் அதைத் தன் 'மத்தேயு பாடுகள்' இசையில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார். மொழிபெயர்ப்பாகி நம் பாமாலைக்கும் வந்தது. 1973-இல் பாடகர் பால் சைமன் அதே மெட்டைக் கொஞ்சம் வளைத்து, களைத்துப்போன ஒரு அமெரிக்கனின் பாட்டாக்கினார். காதலில் தொடங்கி, சிலுவையில் முந்நூறு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, கிதாரோடு மறுபடி வெளியே வந்திருக்கிறது.

"பாக் இதையே கிறிஸ்மஸுக்கும் போட்டார் டீச்சரம்மா. 1734-ல அவர் எழுதின கிறிஸ்மஸ் இசையில முதல்ல வர்ற கோரல், அதாவது சபைப் பாட்டு, இந்த மெட்டுதான்."

டீச்சரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாக் வாசிக்கலாம். நீங்க வேற வாசிங்க."

ராத்திரி பதினோரு மணிக்கு இரண்டு கம்பளி போதவில்லை. அண்ணன் குறட்டை விட்டார், சுருதி சுத்தமாக.

டிசம்பர் 16, சனி. மூடுபனி

காலையில் ஏரி தெரியவில்லை. ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி போடுகிற அம்மாவின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. நாலு பஜ்ஜி நாற்பது ரூபாய். காசு கொடுத்தபோதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

இன்றைய வேலை ரீடுகளை உருவுவது. இந்த ஆர்மோனியத்தில் 61 கட்டை, இரண்டு வரிசை, ஆக 122 ரீடு. ஒவ்வொன்றும் பித்தளைச் சட்டத்துக்குள் ஒரு பித்தளை நாக்கு. நாக்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தூசி விழுந்தாலும் ஊமையாகிவிடும். ஒரு கொக்கியை விட்டு ஒவ்வொன்றாக இழுத்து, மெல்லிய தூரிகையால் துடைத்து, செய்தித்தாளில் வரிசை மாறாமல் அடுக்க வேண்டும். எண்ணிக்கைக்கு நான் பொறுப்பு. கணக்கு எழுதுகிறவன் அல்லவா.

முதலில் வெள்ளைக் கட்டைகளின் ரீடுகளை மட்டும் உருவினோம். அந்த நேரம் பார்த்துப் பாடகர் குழுப் பையன்கள் ஐந்து பேர் வந்து சேர்ந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கிறிஸ்மஸ் பாட்டுப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒத்திகையாம். ஒருத்தன் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து அணியின் சிவப்புப் பனியனுக்கு மேல் ஸ்வெட்டர் போட்டிருந்தான். அவனே கட்டையில் கை வைத்து அழுத்தினான். வெள்ளையில் வெறும் காற்று, கறுப்பில் மட்டும் சத்தம்.

"கறுப்ப மட்டும் வச்சு என்ன வாசிக்க முடியும்ணா?"

அண்ணன் கொக்கியைக் கீழே வைத்தார். எனக்குத் தெரியும் இது எங்கே போகும் என்று, ஆனாலும் நானே போய்ப் பெடலில் கால் வைத்தேன். கறுப்புக் கட்டைகளில் மட்டும் அவர் 'அமேசிங் கிரேஸ்' வாசித்தார், முதலிலிருந்து கடைசிவரை, ஒரு வெள்ளையைத் தொடாமல். அந்த மெட்டு முழுவதும் ஐந்தே ஸ்வரம். பையன்கள் கூடவே பாடினார்கள், டீச்சரம்மாவும் வாசலில் நின்றபடி முணுமுணுத்தார். பாட்டு முடிந்ததும் கையை எடுக்காமல், அதே கட்டைகளில் ஒரு ஸ்வரம் கூடக் குறைய இல்லாமல், 'நின்னுக்கோரி' வர்ணத்தில் இறங்கிவிட்டார். ராம்நாடு ஸ்ரீனிவாச ஐயங்கார் மோகன ராகத்தில் செய்த வர்ணம். அதன் தொடக்கத்தை வைத்துத்தான் 1988-இல் 'அக்னி நட்சத்திரம்' படத்துப் பாட்டு வந்தது. பையன்கள் "டேய்ய்" என்றார்கள். இரண்டுக்கும் அதே ஐந்து ஸ்வரம், சரிகபத. கறுப்புக் கட்டையில் மோகனம் சும்மா உட்கார்ந்திருக்கிறது, யார் வந்து அழுத்தினாலும் எழுந்து வரும்.

'அமேசிங் கிரேஸ்' சொற்களும் மெட்டும் சேர்ந்து பிறந்தவை அல்ல என்பதை அண்ணன் அப்போது சொன்னார். எழுதியவர் ஜான் நியூட்டன், ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டன். அச்சில் வந்தது 1779-இல். இன்று நாம் பாடுகிற மெட்டை அதோடு சேர்த்து வில்லியம் வாக்கர் அமெரிக்காவில் புத்தகம் போட்டது 1835-இல். நடுவில் ஐம்பத்தாறு வருஷம்.

சிவப்புப் பனியன் பையன் விடவில்லை. "அப்ப எங்க கேரலுக்கு சினிமா மெட்டு போட்டா மட்டும் ஏன் டீச்சரம்மா திட்டறாங்க?" அவர்கள் சமீபத்திய ஒரு குத்துப்பாட்டில் கிறிஸ்மஸ் வரிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். பாடியும் காட்டினார்கள். டீச்சரம்மா முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"உன் பனியனுக்குப் பாட்டு இருக்கே, குளோரி குளோரி, அது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா?" என்றார் அண்ணன். அமெரிக்காவில் கூடாரக் கூட்டங்களில் பாடிய ஒரு பக்திப் பாட்டின் மெட்டு அது. சிப்பாய்கள் அதில் ஜான் பிரவுன் என்பவரைப் பற்றிய பாட்டைக் கட்டி நடைபோட்டார்கள். 1861-இல் ஜூலியா வார்டு ஹோ அதற்கு வேறு கம்பீரமான சொற்களை எழுதினார். தொழிற்சங்கக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், கடைசியில் கால்பந்து மைதானம். டீச்சரம்மாவுக்குக் குளோரி அல்லேலூயா தெரியும், கால்பந்து தெரியாது. பையனுக்குக் கால்பந்து தெரியும், அல்லேலூயா தெரியாது. இருவரும் ஒரே மெட்டை இரண்டு விதமாக ஒருவருக்கொருவர் பாடிக்காட்டியது இந்தப் பயணத்தில் நான் பார்த்த நல்ல காட்சிகளில் ஒன்று.

இரண்டு திசையிலும் இது நடந்திருக்கிறது. இரட்சணிய சேனைக்காரர்கள் (சால்வேஷன் ஆர்மி) இங்கிலாந்தில் 'ஷாம்பெயின் சார்லி' என்ற குடிப்பாட்டின் மெட்டிலேயே கர்த்தரைப் பாடினார்கள். அமெரிக்கப் பாடகர் ரே சார்ல்ஸ் 1954-இல் ரேடியோவில் கேட்ட ஒரு இயேசு பாட்டை ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டாக மாற்றினார், பக்திக்காரர்கள் மட்டுமில்லை, சக பாடகர்களே திட்டினார்கள். நம் பக்கம் மட்டும் என்ன, தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் 1800-இல் எழுதியது 'பெத்லகேம் குறவஞ்சி'. குறத்தி வந்து குறிசொல்கிற நாடகத்தை அப்படியே தூக்கிப் பெத்லகேமில் வைத்தார். முத்துசுவாமி தீட்சிதர் வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் போட்டு நோட்டுஸ்வரங்கள் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற அதே மெட்டு, வாழ்த்தப்படுவது மட்டும் அம்பாள்.

இதையெல்லாம் அண்ணன் சொல்லச் சொல்லப் பையன்கள் ஜெயித்துவிட்ட மாதிரி நின்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் பெடலிலிருந்து இறங்கி வந்து சொன்னேன்: எடுத்தது தப்பில்லை, எடுத்துவிட்டு வேலையே செய்யாததுதான் தப்பு. உங்கள் பாட்டில் 'பிறந்தார்' என்ற சொல்லில் 'பி' நாலு தட்டுக்கு நீள்கிறது, 'பீறந்தார்' என்றுதான் கேட்கிறது. குத்துப்பாட்டில் அந்த இடத்தில் நெடில் இருந்தது, அதனால் பொருந்தியது. ஹாஸ்லர் மெட்டைக் கோயிலுக்குக் கொண்டுபோனவர்கள் அதன் துள்ளலை எடுத்துவிட்டுச் சமநடையாக்கினார்கள், பால் சைமன் மறுபடி வளைத்தார், ஒவ்வொருத்தரும் கொஞ்சமாவது உழைத்திருக்கிறார்கள்.

டீச்சரம்மா தலையாட்டிக்கொண்டே இருந்ததால் எனக்கு உற்சாகம் வந்து, நியாயமாக இருக்க வேண்டுமே என்று அடுத்ததையும் சொல்லித் தொலைத்தேன். நேற்று வாசித்த பாமாலைப் பாட்டிலும் இதே கோளாறு உண்டு. 'சூடுண்ட சிரசே' என்ற வரியில் மெட்டின் அழுத்தம் போய் 'சி' மேல் உட்கார்ந்துகொள்ளும், கூட்டமாகப் பாடினால் 'சீரசே'. ஜெர்மன் அளவுக்குத் தமிழை வெட்டித் தைத்ததில் வந்த சுருக்கம் அது.

டீச்சரம்மா தலையாட்டுவதை நிறுத்தினார். "அறுபது வருஷமா நாங்க அப்படித்தான் பாடறோம். எங்களுக்கு அது சரியாத்தான் இருக்கு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை.

அந்த மௌனத்தில்தான் குரங்கு வந்தது. ஜன்னல் வழியாக, நேராகச் செய்தித்தாளுக்கு. அதற்குள் மீதி ரீடுகளையும் உருவி அடுக்கியிருந்தோம். அதற்கு வேண்டியது ரீடு இல்லை, பக்கத்தில் இருந்த பன் பாக்கெட். ஆனால் பாக்கெட்டை இழுத்ததில் தாள் சரிந்து ரீடுகள் பெஞ்சுக்கு அடியில் ஓடின. பையன்கள் குரங்கைத் துரத்த, நான் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளினேன். நல்ல வேளையாக ஒவ்வொன்றிலும் ஸ்வரத்தின் எழுத்து பொறித்திருந்தது, வரிசை திரும்பக் கிடைத்தது. எண்ணினேன். நடுவில் சிவப்புப் பனியன் வந்து வாக்கர் புத்தகம் எந்த வருஷம் என்று கேட்டான், சொன்னேன், தொடர்ந்து எண்ணினேன். "122," என்றேன்.

ஏழு மணிக்குக் கரண்ட் போயிற்று. டார்ச் வெளிச்சத்தில் அண்ணன் ரீடுகளைத் திரும்பச் சொருகி முடித்தபோது மணி பத்தரை.

டிசம்பர் 17, ஞாயிறு. ஆராதனை, சாப்பாடு

ஆர்மோனியம் பேசியது. மொத்த ஆலயத்திலும் நாற்பது பேர் இருக்கும், எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள், பாடுவதைவிடப் பார்ப்பதில் கவனமாக இருந்தார்கள். வாசித்தது ஒரு கல்லூரிப் பையன், நடுக்கத்தில் வேகமாகவே ஓட்டினான். பையன்களின் கேரல் மெட்டு அதே குத்துப்பாட்டுதான், ஆனால் 'பிறந்தார்' போய் 'வந்தாரே' வந்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக மாற்றியிருக்கிறார்கள். டீச்சரம்மா கூடப் பாடவில்லை. விரல் மட்டும் பெஞ்சில் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

மத்தியானம் அவர் வீட்டில் சாப்பாடு. மிளகு தூக்கலாகப் போட்ட கோழிக் குழம்பு. மிளகு அவர் வீட்டுக் கொல்லையில் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில் காய்த்தது. பிறகு அச்சு முறுக்கு. குழம்பு ஊற்றும்போது டீச்சரம்மா தன்னை மறந்து ஏதோ முணுமுணுத்தார். அண்ணன் கையை இலையிலேயே நிறுத்திவிட்டுக் கவனித்தார்.

"டீச்சரம்மா, இது என்ன பாட்டு?"

"அருள் தாரும் தேவமாதாவே. சின்ன வயசுல எங்க பக்கத்து வீட்டு ஆர்.சி. அம்மா பாடுவாங்க. அவங்க கோயில் பாட்டு."

"'ஞானசௌந்தரி', 1948. சினிமாப் பாட்டு," என்றார் அண்ணன். "சின்னப் பொண்ணுக்கு ஜிக்கி பாட, பாட்டு முடியறதுக்குள்ள அவ வளர்ந்துடுவா, அப்புறம் பி.ஏ.பெரியநாயகி குரல்."

டீச்சரம்மா கரண்டியோடு நின்றார். "அப்படியா," என்று மட்டும் சொன்னார். அண்ணனுக்கு ஒரு கோழித்துண்டு குறைவாக விழுந்தது என்பது என் கணிப்பு.

சாயங்காலம் சேர்வராயன் கோயில் வரை நடக்கலாம் என்று கிளம்பி, பாதியில் மழை பிடித்து, ஒரு காப்பித் தோட்டத்து ஷெட்டில் ஒதுங்கினோம். அங்கே இருந்த காவலாளி எங்களுக்கு இடம்விட்டு அவர் நனைந்துகொண்டு நின்றார். எவ்வளவு கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. கோயிலைப் பார்க்காமலே திரும்பினோம்.

டிசம்பர் 18, திங்கள். இறக்கம்

கூலியோடு அரைக்கிலோ காப்பித்தூள், ஒரு பொட்டலம் மிளகு. பஸ் இறங்க இறங்க ஸ்வெட்டர், அப்புறம் மப்ளர், அப்புறம் சட்டையின் மேல் பொத்தான் என்று ஒவ்வொன்றாகக் கழன்றது. சேலத்தில் இறங்கியபோது மறுபடி வேர்வை.

அண்ணன் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, நேத்து கடைசிப் பாட்டு ஆமென்ல, அடியில ஒரு கனமான சத்தம் வருமே, அது வரலியே. புஸ்ஸுனு காத்துதான் வந்துச்சு. ஆராதனை நடுவுல சொல்ல வேணாம்னு இருந்தேன். இன்னைக்குக் காலைல நானே போய் அழுத்திப் பாத்தேன். எல்லாத்துக்கும் கீழ, இடது ஓரத்துல முதல் கட்டை."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கழற்றி மடித்து வைத்திருந்த ஸ்வெட்டரைப் பார்த்தேன். அதன் பையில் வேர்க்கடலைத் தோல், பஸ் டிக்கெட், நடுவில் விரல் நீளத்துக்குப் பித்தளை. மேலே எஃப் என்று பொறித்திருந்தது.

"வியாழக்கிழமை வர்றோம் டீச்சரம்மா," என்று அண்ணன் போனை வைத்தார். பிறகு என்னிடம், "வர்றோம்னு சொல்லிட்டேன். நீ லீவு சொல்லிடு."